பழுது நாடும் முறை: காரின் களவுத் தடுப்புச் சாவி ஓர் ஆய்வு

முன்னுரை

அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் வினாவிற்கு விடை கிடைத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. விண்ணியலும் மருத்துவமும் தமிழில் எழுதப்பட்டுவிட்டன. எனினும், பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு நிற்கும் ஓர் இளைஞனுக்குப் பயன்படும் வகையில், ஒரு பழுதை எவ்வாறு எண்ணிக் கண்டறிவது என்பதைத் தமிழில் எழுதியோர் சிலரே. எம் துறையில் தமிழ் பயின்ற மாணவர் அனைவரும் ஆசிரியர் பணிக்கே செல்வதில்லை. உள்ளூர்ப் பட்டறைகளிலும் வளைகுடா நாடுகளின் பணிமனைகளிலும் வாழ்வைத் தேடிச் செல்வோரும் அவருள் உளர். அவர்க்கும் தமிழ் துணை நிற்றல் வேண்டும்.

பழுதை அறியாமல் பொருளை மாற்றுவது இன்று பெருகிவரும் ஒரு நோய். கார் கிளம்பவில்லை என்றவுடன் பேட்டரியை மாற்றுவர். பின் ஸ்டார்ட்டரை மாற்றுவர். அதன்பின் கணிப்பொறிப் பெட்டியை மாற்றுவர். மூன்றும் மாறிய பின்னரும் கார் கிளம்பாது. ஏனெனில், பழுது சாவிக்கும் சாவித்துளைக்கும் இடையே, தலைமயிர் அளவினதாகிய ஒரு கம்பியில் இருந்திருக்கும். பணம் இழப்பவர் உரிமையாளர். நம்பிக்கை இழப்பவர் மெக்கானிக். இவ்விழப்பைத் தவிர்க்கும் வழியை ஓர் உண்மை அமைப்பைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பின் இயல்பு

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு தன் செவ்ரொலே கார்வெட் காரில் ‘வாட்ஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் களவுத் தடுப்பு அமைப்பைப் பொருத்தியது. பின்னர் ‘பாஸ்-கீ’ என்னும் பெயரில் அந்நிறுவனத்தின் வேறு பல கார்களிலும் இவ்வமைப்பு இடம்பெற்றது. இன்றைய அமைப்புகளை நோக்க இது மிக எளியது. எளியது என்பதனாலேயே பாடம் சொல்ல ஏற்றது.

இக்காரின் சாவி, பல் வெட்டப்பட்ட வெறும் உலோகத் தகடு அன்று. அதன் தண்டில் கருநிறச் சிறு வில்லை ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அவ்வில்லைக்குள் இருப்பது ஒரு மின்தடை. சாவியைத் துளையில் இட்டதும் உள்ளிருக்கும் இரு தொடுமுனைகள் வில்லையின் இரு புறமும் படியும். அங்கிருந்து இரு மெல்லிய கம்பிகள் ஸ்டியரிங் தண்டின் உள்வழியே இறங்கி, அதன் அடியில் உள்ள இணைப்பான் வழியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை அடையும். அப்பெட்டி மின்தடையின் அளவைப் படிக்கும். தன்னிடம் குறித்துவைக்கப்பட்ட அளவோடு ஒப்பிடும். இரண்டும் ஒத்தால் இரு கட்டளைகள் பிறக்கும். ஒன்று ஸ்டார்ட்டருக்குரிய ரிலேயை இயக்குவது. மற்றொன்று, எரிபொருளைச் செலுத்தலாம் என எந்திரத்தின் கணிப்பொறிக்கு இசைவு தருவது. ஒவ்வாவிடில் இரண்டும் தடைப்படும். பெட்டி 2 முதல் 4 நிமிடம் வரை எந்தச் சாவியையும் ஏற்காது பூட்டிக்கொள்ளும்.

இவ்வமைப்பில் மின்தடைகள் 15 வகைப்படும். மிகச் சிறியது 402 ஓம். மிகப் பெரியது 11,800 ஓம். இடைப்பட்டவை 523, 681, 887, 1,130, 1,470 என ஏறிச்செல்லும். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைவிட ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை மிகுந்திருத்தலை இவ்வரிசையில் காணலாம். சமமான இடைவெளியில் அமைக்காது விகித முறையில் அமைத்தமையால், சிறிதளவு தேய்மானத்தாலும் வெப்பத்தாலும் ஓர் அளவு மற்றோர் அளவாகப் பிழைபட உணரப்படும் வாய்ப்புக் குறைகின்றது.

பதினைந்து என்பது பெரிய எண்ணன்று. அவ்வாறாயின் காவல் எங்கே உள்ளது? காலத்தில் உள்ளது. திருட வந்தவன் பல்வெட்டுச் சரியான சாவியையே பெற்றிருந்தாலும், பதினைந்து தடைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். 14 முறை தவறி, ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் காத்திருக்க நேர்ந்தால் 56 நிமிடம் கழியும். தெருவில் நிற்கும் காரில் ஒருமணி நேரம் அமர்ந்திருக்கக் களவன் துணிவதில்லை. இக்காத்திருப்பைப் பழுது நாடுவோரும் மறத்தல் கூடாது; அதனைக் கீழே விளக்குவோம்.

மூவகை அளவைகள்

ஒன்றனை அறிதற்குரிய கருவிகளை நம் முன்னோர் அளவை என்றனர். காட்சி, கருதல், உரை என அவை மூவகைப்படும். மணிமேகலையின் ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’, புகையைக் கண்டு நெருப்பை உணரும் அனுமானத்தை விரிவாக ஆராய்கின்றது. புகை உள்ள இடத்து நெருப்பு இருத்தலை அன்னுவயம் என்றும், நெருப்பு இல்லாத இடத்துப் புகை இல்லாமையை வெதிரேகம் என்றும் அது வகுக்கின்றது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என அறிவுறுத்துகின்றது. இம்முறை உடலுக்கு மட்டுமன்றி எந்திரத்திற்கும் பொருந்தும். மூவகை அளவைகளையும் பட்டறை நடைமுறைக்கேற்ப உரை, காட்சி, கருதல் என்னும் வரிசையில் இங்குக் காண்போம்.

உரை: உரிமையாளரின் சொல்

பழுது நாடுவோரின் முதற் கருவி உரிமையாளரின் சொல்லேயாகும். “வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை” என்பது நாள்தோறும் கேட்கும் தொடர். இத்தொடர் குறைந்தது நான்கு வேறு நிலைகளை ஒரே போர்வையால் மூடிவிடுகின்றது. அவையாவன:

1. சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லை.
2. ‘டக் டக்’ என்னும் ஓசை மட்டும் எழுகின்றது.
3. செல்ஃப் எடுக்கின்றது, ஆயினும் எந்திரம் உயிர்பெறவில்லை.
4. எந்திரம் உயிர்பெற்று, ஓரிரு நொடிகளில் அணைந்துவிடுகின்றது.

இந்நான்கும் நான்கு வெவ்வேறு திசைகளைக் காட்டுவன. ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்பதற்கும் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் பட்டறைத் தமிழில் தெளிவாகவே உள்ளது. முன்னது ஸ்டார்ட்டர் சுழலாமையைக் குறிப்பது. பின்னது எந்திரம் இயங்காமையைக் குறிப்பது. இவ்விரண்டையும் கலந்து பேசுவதனால் ஸ்டார்ட்டர்கள் பல காரணமின்றிக் கழற்றப்படுகின்றன. எனவே, “சாவியைத் திருப்பியதும் என்ன கேட்டது? எப்பொழுது முதல்? நாள்தோறுமா, சில வேளைகளிலா? வேறு சாவி உண்டா? அண்மையில் ஸ்டியரிங்கில் ஏதேனும் வேலை நடந்ததா?” என்னும் ஐந்து வினாக்களையும் கேட்ட பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும்.

காட்சி: விளக்கும் ஓசையும்

அடுத்தது கண்ணாலும் காதாலும் அறிவது. முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மங்கி அணைந்து ‘டக் டக்’ ஓசை எழுமாயின், பேட்டரி தளர்ந்துள்ளது, அல்லது அதன் முனைகளில் துரு படிந்துள்ளது எனக் கருதலாம். ஓய்ந்த நிலையில் உள்ள நிறைந்த பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அதில் குறையிருப்பின் முதலில் அதனைச் சீர்செய்க. தளர்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டு மின்னணுப் பெட்டியைச் சோதிப்பது, பசித்தவனை ஓடவிட்டு அவன் வலிமையை அளப்பது போன்றதாகும்.

விளக்கு ஒளி குன்றாது எரிகின்றது. ஸ்டார்ட்டரில் ஓசையே இல்லை. பலகையில் ‘செக்யூரிட்டி’ என்னும் எச்சரிக்கை விளக்கு எரிந்தவண்ணம் உள்ளது என்றால், களவுத் தடுப்பு அமைப்பே தடுக்கின்றது என்பதற்கு இது வலிய குறியாகும். எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தும் ஓசை இல்லையெனில், கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் உள்ளதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காரில் அவ்விரு நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லும். கையால் கியர் மாற்றும் காராயின் கிளட்சு மிதியின் சுவிட்சை நோக்குக.

செல்ஃப் நன்கு எடுத்தும் எந்திரம் இயங்கவில்லையாயின் எவ்வாறு கருதுவது? ஸ்டார்ட்டருக்கு இசைவு தந்த பெட்டி சாவியை ஏற்றுக்கொண்டது என்பது பெறப்படும். ஆகவே, சாவியின் மீதும் துளையின் மீதும் ஐயம் தளர்கின்றது. பெட்டியிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் இசைவுக் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது பழுது எரிபொருள் பம்பிலோ தீப்பொறி அமைப்பிலோ இருக்கலாம். இந்நிறுவனத்தின் அக்காலக் கார்கள் பலவற்றில் கணிப்பொறியின் நினைவில் 46 என்னும் குறியெண் பதிந்திருப்பின் அது களவுத் தடுப்புப் பழுதைக் குறிக்கும்.

கருதல்: அளந்து தெளிதல்

இனி, மல்டிமீட்டர் என்னும் அளவி ஒன்று போதும். முறை வருமாறு:

முதற்படி: சாவியின் வில்லையைத் தூய துணியால் துடைக்க. அதன் இரு புறத்து முனைகளிலும் அளவியின் ஊசிகளை வைத்துத் தடையை அளக்க. அளக்கும்போது இரு ஊசிமுனைகளையும் இரு கை விரல்களால் பற்றுதல் கூடாது. நம் உடலும் ஒரு தடையே. எடுத்துக்காட்டாக, உடலின் தடை ஒரு இலட்சம் ஓம் எனக் கொண்டால், 11,800 ஓம் சாவி ஏறத்தாழ 10,550 ஓம் எனக் காட்டும். இது 9,530க்கும் 11,800க்கும் நடுவே நின்று நம்மை மயங்கவைக்கும்.

இரண்டாம்படி: கிடைத்த அளவு பதினைந்து அளவுகளுள் ஒன்றோடு ஒத்துள்ளதா எனக் காண்க. ஒவ்வாது மாறிக்கொண்டே இருப்பின், அல்லது அளவி முடிவிலி காட்டின், சாவியே பழுது.

மூன்றாம்படி: பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின், ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள இரு கம்பி இணைப்பானைப் பிரிக்க. சாவியைத் துளையில் இட்டு, இணைப்பானின் தண்டுப் பக்கத்தில் தடையை அளக்க. கையில் வைத்து அளந்தபோது 3,010 ஓம் காட்டிய சாவி இங்கும் ஏறத்தாழ அதனையே காட்டுதல் வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துள்ளது, அல்லது தொடுமுனை படியவில்லை. பெரிதும் குறைந்து காட்டினால் இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. மிகுந்து காட்டினால் தொடுமுனையில் அழுக்கு அல்லது தேய்மானம் உள்ளது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தொடுமுனை அழுக்கால் 60 ஓம் கூடியது எனக் கொள்வோம். 402 ஓம் சாவி 462 எனப் படிக்கப்பட்டு, அடுத்த அளவாகிய 523க்குச் சரிபாதித் தொலைவை எட்டிவிடும். 11,800 ஓம் சாவிக்கோ அதே 60 ஓம் ஒரு பொருட்டன்று. ஆகவே, சிறிய அளவுடைய சாவிகளுக்குத் தூய்மை மிக இன்றியமையாதது.

நான்காம்படி: மூன்றாம்படியில் அளவு ஒத்திருந்தால், சாவி, துளை, கம்பி ஆகிய மூன்றும் குற்றமற்றவை. இணைப்பானையும் பேட்டரியையும் மீண்டும் இணைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் வருகின்றதா, தரைக்கம்பி உறுதியாக உள்ளதா, உருகி நலமா என்பவற்றைப் பார்க்க. இவை யாவும் நலமாக இருந்தும் ரிலேக்குப் பெட்டி கட்டளை தரவில்லையாயின் பெட்டி பழுது. கட்டளை தந்தும் ஸ்டார்ட்டர் சுழலவில்லையாயின் ரிலே முதலாக ஸ்டார்ட்டர் வரை உள்ள வழியில் பழுது. விலை மிக்க பொருளின் மீது ஐயம் கொள்வது இவ்வாறு இறுதிப்படியிலேயே நிகழ்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. காற்றுப்பை உள்ள கார்களில் ஸ்டியரிங் தண்டின் அருகே மஞ்சள் நிற இணைப்பான்கள் இருக்கும். அவை காற்றுப்பைக்கு உரியன. அவற்றில் அளவியின் ஊசியை வைத்தல் ஒருபோதும் கூடாது. பை திடீரென வெடித்து விரிந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

விட்டுவிட்டு வரும் பழுது

காலையில் கிளம்பாத கார் மாலையில் கிளம்பும். பட்டறையில் கிளம்பிய கார் வீட்டு வாயிலில் நின்றுவிடும். இவ்வகைப் பழுதே மெக்கானிக்கின் நற்பெயரைக் கெடுப்பது. இவ்வமைப்பில் இதற்குப் பெருங்காரணம், சாவித்துளையிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பிகளேயாகும். சாவியைத் திருப்புந்தோறும் அக்கம்பிகள் சிறிது முறுகி மீளும். பல்லாயிரம் முறை முறுகிய கம்பி, மேலுறை நலமாக இருக்க உள்ளே அறுந்துவிடும். அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும் வேளையில் கார் கிளம்பும். விலகிய வேளையில் கிளம்பாது.

இதனைக் கண்டறிய, மூன்றாம்படியில் அளவியை இணைத்தவாறே சாவியை மெல்ல முன்னும் பின்னும் திருப்புக. ஸ்டியரிங்கின் சாய்வை மாற்றும் வசதி இருப்பின் மேலும் கீழும் அசைக்க. எண் நிலையாக நின்றால் கம்பி நலம். ஒரு நொடியேனும் தாவினால் பழுது அங்கேதான். அசைக்காமல் ஒருமுறை அளந்து ‘நலம்’ எனத் தீர்ப்பளிப்பது, காய்ச்சல் இறங்கிய வேளையில் நாடி பார்த்து நோயில்லை என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் சாவியைக் கொண்டு சோதித்தல் வெதிரேக முறையைச் சார்ந்தது. ஐயத்திற்குரிய சாவியை நீக்கியதும் பழுது நீங்கினால், பழுதிற்குக் காரணம் சாவியே என்பது தெளிவாகும். ஆனால், முன்னர்க் கூறிய காத்திருப்பை இங்கு நினைவிற் கொள்க. முதற் சாவி மறுக்கப்பட்டதும் பெட்டி தன்னைப் பூட்டிக்கொண்டுள்ளது. உடனே இரண்டாம் சாவியை இட்டால் அது நற்சாவியாயினும் மறுக்கப்படும். “இரு சாவியும் பழுதாதல் அரிது, எனவே பெட்டிதான் பழுது” என்று பொய்யான முடிவிற்கு அது நம்மை இட்டுச்செல்லும். 4 நிமிடத்திற்குக் குறையாது காத்திருந்த பின்னரே இரண்டாம் சாவியை இடுதல் வேண்டும். கருதலின் வடிவம் சரியாக இருந்தும், தொடக்கக் காட்சி பிழையானால் முடிவும் பிழையாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பின்வந்த அமைப்புகள்

1990களின் நடுவில் மின்தடைச் சாவியின் இடத்தைச் சில்லுச் சாவி பற்றத் தொடங்கியது. சாவியின் பிடிக்குள் உள்ள சிறு சில்லுக்குப் பேட்டரி வேண்டுவதில்லை. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் அலையிலிருந்தே அது ஆற்றல் பெற்று, தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய கார்களில் எந்திரத் தடுப்பு அமைப்பு கட்டாயமாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2001இலும் கனடாவில் 2007இலும் இக்கட்டாயம் நடைமுறைக்கு வந்தது. இன்று நம் நாட்டில் விற்கப்படும் கார்கள் பலவற்றிலும் இவ்வமைப்பு உள்ளது.

அளக்கும் பொருள் மாறினும் பழுது நாடும் முறை மாறவில்லை. இவ்வகைக் கார்கள் சிலவற்றில் எந்திரம் உயிர்பெற்று ஓரிரு நொடிகளில் அணைவதே தடுப்பின் குறியாகும். சாவிக்கொத்தில் வேறொரு சில்லுச் சாவி அருகே இருந்தால் இரண்டின் விடையும் கலந்து குழப்பம் விளையலாம். தனிச் சாவியாகப் பிரித்துச் சோதித்தல் வேண்டும். சாவியின் மேலோடு உடைந்து புதிய ஓடு மாற்றியோர், பழைய ஓட்டினுள் சில்லைத் தங்கவிட்டு எறிந்துவிடுவதும் உண்டு. அவ்வாறாயின் கதவு திறக்கும், எந்திரம் கிளம்பாது. கதவைத் திறக்கும் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தமையைத் தடுப்பமைப்பின் பழுதாகக் கொள்வதும் பொருந்தாது; இத்தகைய சாவிகளில் அவை இரண்டும் தனித்தனிச் செயல்கள். உரை, காட்சி, கருதல் என்னும் படிகள் இங்கும் அவ்வாறே பொருந்துதல் கண்கூடு.

காவலை நீக்கலாமா?

பழுதைச் சரிசெய்வதற்கு மாறாக, காவலையே முடக்கிவிட்டுக் காரைக் கிளப்பித் தருவோர் உளர். உரிமையாளர் மகிழ்ந்து செல்வார். தம் கார் காவலற்றது என்பதை அவர் அறியார். இக்காவலின் பயன் எத்தகையது என்பதற்குச் சான்று உண்டு. நெதர்லாந்தில் எந்திரத் தடுப்பு அமைப்பின் விளைவை ஆராய்ந்து, வான் ஊர்ஸ், வோலார்ட் ஆகிய இரு பொருளியலறிஞர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் கார்க் களவு சராசரியாக 40 விழுக்காடு அளவிற்குக் குறைந்தமைக்கு இவ்வமைப்பே காரணம் என மதிப்பிட்டுள்ளது. மறுதலைச் சான்றும் உண்டு. இத்தகைய கட்டாயம் இல்லாத அமெரிக்காவில், தடுப்பு அமைப்பின்றி விற்கப்பட்ட சில ஹூண்டாய், கியா கார்கள் 2021, 2022ஆம் ஆண்டுகளில் பெருமளவில் களவுபோயின. அவற்றைக் களவாடும் வழியைக் காட்டும் காணொளிகள் இளைஞரிடையே பரவியதே அதற்குக் காரணம். அன்னுவயமும் வெதிரேகமும் இங்கும் ஒருங்கே நிற்கின்றன.

ஆகவே, காவலை நீக்குவது பழுது நீக்கம் ஆகாது. வேறு வழியின்றி நீக்க நேரின் உரிமையாளரிடம் சொல்லி, அவர் இசைவு பெற்றே செய்தல் வேண்டும். சாவி செய்து கேட்பவர் காரின் உரிமையாளர்தாமா என்பதை ஆவணம் கண்டு உறுதி செய்வதும் தொழிலறத்தின் பாற்பட்டதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: உரிமையாளரின் சொல்லைத் துல்லியமாகக் கேட்டல் முதற்படி, கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதைக் குறித்தல் இரண்டாம்படி, அளந்து, ஒவ்வோர் ஐயமாக நீக்கிச் செல்லுதல் மூன்றாம்படி. இம்மூன்றையும் கடந்த பின்னரே பொருளை மாற்றுதல் தகும்.

இலக்கணம் பயிலும் மாணவன் ஒரு தொடரில் எழுவாய் எது, பயனிலை எது எனப் பிரித்தறியப் பழகுகின்றான். ‘செல்ஃப் எடுக்கவில்லை’, ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்னும் இரு தொடர்களின் பொருள் வேறுபாட்டை உணரும் காதும் அப்பயிற்சியால் விளைவதே. அளவை நூல் கற்ற அறிவு ஏட்டில் உறங்க வேண்டுவதில்லை. அது பட்டறையில் ஒருவரின் பணத்தைக் காக்கும், ஒரு தொழிலாளியின் நற்பெயரையும் காக்கும். நம் பட்டறைச் சொற்களைத் தொகுத்து, பழுது நாடும் முறைகளைத் தமிழில் எழுதும் பணியை மாணவர் மேற்கொள்வாராக. தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, ஒரு நாளில் செவிப்படும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது அப்பணிக்கு நல்ல தொடக்கமாகும் என்பது எம் துணிபு.